தகரம் அடித்த ஜன்னல்

மைசூர்
18.11.1996

சம்பந்தி காளியப்பன் அவர்களுக்கு மல்லம்மா எழுதிக்கொள்வது.

நலம் விசாரிக்க நான் பேனா எடுக்கவில்லை. தீபாவளிக்கு மறுநாள் நீங்கள் வந்து என் மருமகளையும் பேத்தியையும் பஸ் ஏற்றிக்கொண்டு போனீர்களே, அன்றைக்கு என்னை யார் விசாரித்தது? நான் சீமெண்ணெய்க் கடையில் டின்னோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஏழு மணிக்குப் போனவள் பதினொரு மணிக்கு வெறும் டின்னோடு திரும்பினேன். என் முறை வரும்போது பீப்பாய் காலியாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் வாசலில் உங்கள் புளி மூட்டை இருக்கிறது, உள்ளே பூங்குழலி இல்லை. மூட்டையை வைத்துவிட்டுப் பெண்ணை எடுத்துப் போவது எந்த ஊர் வழக்கம்?

பூங்குழலி கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழ் எழுத்து அவளுக்கு வராது. என் மகன் சேகரன் எழுத மாட்டான். ஷிப்டு முடிந்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். அதனால் மூன்றாவதோடு நின்றவளாக இருந்தாலும் நானே உங்களுக்கு எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருக்கும். ஞாபகப் பிழை இருக்காது.

இங்கே தூள் அடுப்பை யார் இடிப்பது? உங்களுக்கென்ன, தோட்டத்தில் விறகு கிடக்கிறது, பொறுக்கி எரிக்கிறீர்கள். இங்கே மரத்தூள்தான். டின்னுக்கு நடுவில் புட்டியை நிறுத்தி, சுற்றிலும் தூளைப் போட்டு இடித்து இடித்துக் கெட்டிப்படுத்தி, பிறகு புட்டியைத் திருகி உருவ வேண்டும். உருவும்போது கை நடுங்கினால் நடுத்துளை சரிந்துவிடும். சரிந்தால் நெருப்பு ஏறாது, புகைதான் ஏறும். அந்தக் கை பூங்குழலிக்குத்தான் உண்டு. நேற்று சேகரன் இடித்தான். மூன்று தடவை சரிந்தது. சோறு தின்னாமல் வேலைக்குப் போனான்.

எண்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் மாதேஸ்வரன் மலையில் நிச்சயம் நடந்தது. கோவிலுக்கு இடப்பக்கம், சத்திரத்து வாசலில், நீங்கள் மஞ்சள் துண்டு போட்டிருந்தீர்கள். பதினாறு பேர் முன்னால் என்ன சொன்னீர்கள்? "எம் பொண்ணு ஊதாங்குழல் புடிக்க மாட்டாளுங்க. கேஸ் அடுப்புலதான் சமைப்பா." சொன்னவர் நீங்கள். நான் கேட்கவில்லை. நகை கேட்டேனா, பாத்திரம் கேட்டேனா? கல்யாணம் முடிந்து ரேஷன் கார்டில் அவள் பேர் ஏறியதும் நீங்களே வந்து கேஸ் ஏஜென்சியில் அவள் பேரில் பதிந்தீர்கள். முறை வர ஐந்தாறு வருஷம் ஆகும், முறை வந்துவிட்டது என்று தபால் கார்டு வந்த அன்றைக்கே டெபாசிட்டும் அடுப்பும் நான் தருகிறேன் என்றீர்கள். எட்டு வருஷம் ஆயிற்று. அடுப்பு எங்கே?

இன்னொன்றும் கேட்டு முடிக்கிறேன். அவளுக்கு இந்த இருமல் எங்கிருந்து வந்தது? உங்கள் தங்கை ஒருத்தி சின்ன வயதிலேயே செத்தாள் என்று கல்யாணப் பந்தியில் யாரோ சொன்னார்கள். எப்படிச் செத்தாள் என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்கள். காச நோய் உள்ள வீட்டில் பெண் எடுத்துவிட்டேனா? உண்மையை எழுதுங்கள். நோய் இல்லையென்றால் மார்கழி பிறப்பதற்குள் அவளைக் கொண்டுவந்து விடுங்கள். பேத்தி அனுப்ரியாவுக்குப் பள்ளிக்கூடம் போகிறது.

மல்லம்மா


ஹனூர்
30.11.1996

சம்பந்தியம்மா அவர்களுக்கு, காளியப்பன் கைகூப்பி எழுதியது.

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு எழுத்து வேகமாக வராது. ராகி அறுப்பும் நடக்கிறது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

சொல்லாமல் கூட்டி வந்தது தப்புதான். ஆனால் அன்று நான் வந்தபோது அவள் அடுப்புக்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னம்மிணி?" என்றேன். பதில் சொல்ல மூச்சு இல்லை, கையைத்தான் ஆட்டினாள். உங்கள் வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். கண்டக்டர் அவளைப் பார்த்து, "மாசமா இருக்காங்களா, முன்னால உக்கார வைங்க" என்றார். இருபத்தேழு வயதுப் பெண், பஸ் படி மூன்று ஏறுவதற்கு என் தோளைப் பிடித்தாள். உங்களுக்காகக் காத்திருக்க எனக்கு மனசு தாளவில்லை.

என் தங்கை கரும்புக் காட்டில் பாம்பு கடித்துச் செத்தாள். கல்யாணப் பந்தியில் அதைப் பேச வேண்டாம் என்று மாற்றியிருப்பார்கள். வேறு மறைப்பு இல்லை.

கொள்ளேகாலத்தில் டாக்டரம்மாவிடம் காட்டினோம். மூன்று நாள் காலையில் சளி எடுத்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். காச நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். காகிதம் என்னிடம் இருக்கிறது. அப்புறம் அந்தம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, வீட்டில் என்ன அடுப்பு என்று கேட்டார். தூள் அடுப்பு என்றாள். சமையலறையில் ஜன்னல் உண்டா என்று கேட்டார். பூங்குழலி சொன்னாள்: "இருக்குதுங்க. தகரம் அடிச்சிருக்குதுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஜன்னலுக்கு யார் தகரம் அடித்தது, எதற்கு அடித்தது என்று நீங்கள் எழுதினால் அவருக்குச் சொல்வேன். திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

கேஸ் அடுப்பு என் நாக்கிலிருந்து வந்த வார்த்தை. மறக்கவில்லை. வருஷா வருஷம் வரும்போதெல்லாம் கார்டு வந்ததா என்று உங்கள் வாசலில் கேட்டிருக்கிறேன். வரவில்லை என்றீர்கள். இன்னும் வரவில்லையா என்று ஒருமுறை பார்த்து எழுதவும்.

அனுப்ரியா நன்றாக இருக்கிறாள். இங்கே வந்து பத்து நாளில் அவள் இருமலும் நின்றுவிட்டது.

காளியப்பன்


மைசூர்
11.12.1996

சம்பந்தி அவர்களுக்கு.

அனுப்ரியாவுக்கு இருமல் நின்றுவிட்டது என்று கடைசி வரியில் ஊசியைச் செருகி அனுப்பியிருக்கிறீர்கள். புரிந்துகொண்டேன்.

ஜன்னலுக்குத் தகரம் அடித்தது நான்தான். என் கையால், எண்ணெய் டின்னைப் பிளந்து, எட்டு ஆணி வைத்து அடித்தேன். ஏன் என்று கேளுங்கள். இது லைன் வீடு. ஏழு குடித்தனத்துக்கு ஒரு முற்றம், ஒரு குழாய். எங்கள் சமையலறை ஜன்னல் முற்றத்தைப் பார்த்தது. ஜன்னலுக்கு நேரே எதிர்வீட்டுக் கௌரம்மாவின் துணிக்கொடி. அவளுக்குக் கேஸ் இருக்கிறது. காலையில் ஒரு திருகு, டப் என்று நீலமாக எரிகிறது, மாவு கரைப்பதற்குள் கல் காய்ந்துவிடுகிறது. அவள் புருஷனுக்கு ஆபீஸ் வேலை, வெள்ளைச் சட்டை. எங்கள் புகை போய் அந்தச் சட்டையில் உட்காருமாம். முற்றத்தில் நின்று ஏழு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "ஏன்ரி மல்லம்மா, பட்டே எல்லா கரி ஆயித்து" என்பாள். துணியெல்லாம் கரியாகிவிட்டதாம். என் மூஞ்சி கரியானது அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னாள். அவர் வந்து ஜன்னலைக் காட்டி, "ஒண்ணு புகையை நிறுத்துங்க, இல்ல நீங்க கிளம்புங்க" என்றார். வாடகைக்கு இருக்கிறவள் என்ன செய்வாள்? புகையை நிறுத்த முடியாது. கிளம்ப இடம் இல்லை. ஜன்னலை நிறுத்தினேன். தொண்ணூற்று இரண்டாம் வருஷம் பங்குனி.

வேறு வழி பார்க்கவில்லையா என்பீர்கள். பார்த்தோம். சேகரன் கரண்ட் சுருள் அடுப்பு ஒன்று வாங்கி வந்தான். இரண்டாம் நாள் மீட்டர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து வீட்டுக்காரர் ஃபியூஸைப் பிடுங்கி எடுத்துப் போய்விட்டார். மூன்று நாள் ஏழு வீடும் இருட்டு. ஏழு வீட்டுச் சாபமும் எங்களுக்கு. சீமெண்ணெய் கார்டுக்கு மாதம் ஐந்து லிட்டர், அதுவும் பாதி மாதம் கிடையாது. வெளியில் வாங்கினால் சேகரன் சம்பளம் அடுப்பிலேயே எரிந்துவிடும். அறுவை மில்லில் நல்ல தூள் மூட்டைக்கு விலை ஏற்றிவிட்டார்கள். சேகரன் ஹெப்பாளில் வேலை செய்கிற பிளைவுட் கம்பெனியில் தூளைச் சும்மா கொடுத்தார்கள். சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தான். அதில் பசை வாடை அடிக்கும். கண் எரியும். பானையில் கரி பிசின் மாதிரி ஒட்டும். இருந்தாலும் சும்மா கிடைக்கிறதை எவள் வேண்டாம் என்பாள்? பூங்குழலி ஒரு நாளும் முணுமுணுத்தது இல்லை. முணுமுணுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதா?

உங்கள் டாக்டரம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். நான் முப்பத்தைந்து வருஷம் அடுப்பு ஊதியவள். எனக்கு என்ன ஆயிற்று? கண்ணில் பூ விழுந்திருக்கிறது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் கோழி கேறுகிறது. அவ்வளவுதான். நடமாடிக்கொண்டுதானே இருக்கிறேன்?

கார்டைப் பற்றிக் கேட்டீர்கள். எட்டு வருஷமாக வாசலில் நின்று கேட்கிறவர் ஒரு நாள் ஏஜென்சி வாசலில் நின்று கேட்டிருக்கலாம்.

மார்கழி பிறக்கப் போகிறது. இங்கே பனி கொட்டுகிறது, கதவைத் திறக்க முடியவில்லை. அவளை அனுப்புங்கள்.

மல்லம்மா


ஹனூர்
3.1.1997

சம்பந்தியம்மா அவர்களுக்கு.

நீங்கள் சொன்னபடி ஏஜென்சி வாசலில் போய் நின்றேன். திங்கட்கிழமை மைசூர் வந்தேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. அக்ரஹாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, உங்கள் தெரு முனை வரை நடந்து, திரும்பிவிட்டேன். வந்தால் நீங்கள் அவள் எங்கே என்று கேட்பீர்கள். எனக்குச் சொல்லத் தெரியாது.

ஏஜென்சியில் ஒரு பையன் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தான். பூங்குழலி பேர் இருக்கிறது. தொண்ணூற்று நாலாம் வருஷம் ஜூலை மாதமே முறை வந்துவிட்டதாம். கார்டு போட்டிருக்கிறார்கள். நாற்பத்தைந்து நாளுக்குள் பணம் கட்ட யாரும் வரவில்லை. சிவப்பு மையில் அடித்து, முறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "கார்டு திரும்பி வரலைங்க. வீட்டுல யாரோ வாங்கியிருக்காங்க" என்றான்.

யார் வாங்குவார்கள்? தபால்காரர் ஏழு வீட்டில் எந்த வீட்டிலோ போட்டுவிட்டுப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். யாரையும் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. குற்றம் என்னுடையது. வாக்குக் கொடுத்தவன் நேரில் போய்க் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் எழுதியது நியாயம். புதிதாகப் பதிந்திருக்கிறேன். மறுபடி பல வருஷம் ஆகும் என்றான்.

இன்னொன்று எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். டாக்டரம்மா அவளிடம் எத்தனை பிள்ளை பெற்றாய் என்று கேட்டார். இரண்டு, இரண்டாவது பதினோரு நாளில் போய்விட்டது என்றாள். ரொம்பச் சின்னதாகப் பிறந்ததா என்றார். ஆமாம், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது என்றாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாய் புகையைக் குடித்தால் பிள்ளை வளராது, அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்றார். அந்தக் குழந்தைக்கு நாம் பேர் கூட வைக்கவில்லை. நீங்கள் அப்போது, உங்கள் பெண் பத்தியம் இருக்கவில்லை, கண்டதைத் தின்றாள் என்று சொன்னீர்கள். நானும் நம்பி அவளைத் திட்டினேன்.

அவளுக்கு நெஞ்சுக் குழாய் சுருங்கிவிட்டதாம். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். புகைக்குள் போகக் கூடாது. அதனால் அவளை இப்போது அனுப்ப முடியாது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காளியப்பன்


மைசூர்
23.1.1997

சம்பந்தி அவர்களுக்கு.

தெரு முனை வரைக்கும் வந்து திரும்பியதை எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தி வீட்டை மிதிக்காமல் போன முதல் ஆள் நீங்கள்தான். அது இருக்கட்டும், ஒரு ஓரத்தில் இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நாலாவது இது.

தபால்காரர் மேல் பழி போட வேண்டாம். அவர் சரியான வீட்டில்தான் கொடுத்தார். என் கையில்தான் கொடுத்தார்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று சொல்வேன் அல்லவா, இதுவும் ஞாபகம் இருக்கிறது. ஆடி முதல் செவ்வாய். முற்றத்தில் மஞ்சள் காயப் போட்டிருந்தேன். கார்டு கன்னடத்தில் இருந்தது, கௌரம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டு, "பரவாயில்லையே மல்லம்மா, உனக்கும் கேஸ் வந்துடுச்சே. சம்பந்தி கட்டுவாரா, நீ கட்டுவியா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் ஒரு சிரிப்பு இருந்தது. அவர்தான் கட்டுவார், பதினாறு பேர் முன்னால் சொன்ன வாக்கு என்றேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆடிப் பதினெட்டுக்கு நீங்கள் எப்படியும் வருவீர்கள், அன்றைக்கு அவள் பார்க்கக் கொடுத்து, அவள் பார்க்கக் கட்ட வைக்கலாம் என்று இருந்தேன். வந்தீர்கள். முருங்கைக்காய்க் கட்டும் பெண்ணுக்குச் சேலையும் கொண்டு வந்தீர்கள். என் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் குழாயடியில் கௌரம்மா புருஷனோடு நின்று பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. "கேஸ் இல்லாட்டி என்னங்க, எம் பொண்ணு தூள் அடுப்புக்கு ராணி! அவ கைக்கு எந்த அடுப்பும் எரியும்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். கௌரம்மா ஜன்னலில் நின்று என்னைப் பார்த்தாள்.

அப்புறம் வாசலுக்கு வந்து, "கார்டு எதாச்சும் வந்துச்சுங்களா?" என்றீர்கள். நான் வரவில்லை என்றேன்.

நினைத்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாளும் உங்கள் சிரிப்பு காதில் இருந்தது. இவராக ஏஜென்சிக்குப் போய்க் கேட்டுக் கட்டட்டும், நானாகக் கேட்டு வாங்கினால் அது சீர் இல்லை, பிச்சை என்று இருந்தேன். நாற்பத்தைந்து நாளையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். கடைசி நாள் சாயங்காலம் ஏஜென்சி மூடுகிற நேரத்துக்கு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சொல்லவே முடியாமல் போயிற்று. நானே கட்டியிருக்கலாம். என் வெள்ளி ஒட்டியாணம் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் தூங்குகிறது.

கார்டு வந்த அன்று அவளுக்கு நாலு மாதம். போகி அன்று குழந்தையைக் கொண்டுபோனோம். தெருவெல்லாம் பழம்பாயை எரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷப் போகிக்கும் எரித்தார்கள். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருந்தேன்.

கார்டை வந்த அன்றைக்கே புளிப் பானைக்குள் அடியில் வைத்தேன். நீங்கள் கொடுத்த புளிதான்.

மன்னிப்புக் கேட்கவில்லை. அது எனக்கு வராது. நடந்ததை எழுதினேன்.

மல்லம்மா


ஹனூர்
12.2.1997

சம்பந்தியம்மா அவர்களுக்கு.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தேன். இரண்டு நாள் அங்கேயே கிடந்தேன். உங்களைச் சபிக்கத்தான் வார்த்தை தேடினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் பூங்குழலி கூழ் கொண்டு வந்தாள். வீட்டிலிருந்து கிணற்றுக்கு வருவதற்கு இரண்டு இடத்தில் நின்றாள். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு அடங்கியதும், "ஏனுங்கப்பா, அத்தை கார்டைப் பத்தி எழுதிட்டாங்களா?" என்று கேட்டாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"புளி கரைக்கிறவ நான்தானுங்களே" என்றாள்.

நீங்கள் ஒளித்து வைத்த மூன்றாம் நாளே அவள் கையில் அகப்பட்டுவிட்டது. நீங்கள் சமைத்துப் பல வருஷம் ஆகியிருக்கும். சமைக்கிறவள் கை தினமும் போகிற இடம் அது என்று உங்களுக்குத் தோன்றவில்லை. கார்டு கன்னடம். அவளுக்குப் படிக்கத் தெரியும். கடைசித் தேதி வரைக்கும் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்து, மேலே புளியைப் போட்டு மூடிவிட்டாள்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்ககிட்டச் சொன்னா நீங்க எங்கிருந்து கட்டுவீங்க? அந்த வருசம் கெணறு வத்தி மோட்டாரைக் கழட்டி வித்தீங்க. உங்க மாப்பிள்ளைகிட்டச் சொன்னா அத்தை தலை குனியணும். ஆடிப் பதினெட்டு அன்னைக்கு நீங்க வாசல்ல கேட்டப்ப நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேனுங்க. அத்தை வரலைன்னு சொல்லணும்னு சாமியக் கும்புட்டுட்டு நின்னேன். சொன்னாங்க. எனக்கு உசுரு வந்துச்சு."

சம்பந்தியம்மா, இப்போது நானும் ஒன்று சொல்ல வேண்டும். குழாயடியில் சிரித்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அது பயத்தில் வந்த சிரிப்பு. கையில் காசு இல்லாதவன் வாய் நீளும். வாசலில் உங்களிடம் கேட்டபோது, கார்டு வந்திருக்கக் கூடாது என்று மாதேஸ்வரனை வேண்டிக்கொண்டுதான் கேட்டேன். நீங்கள் வரவில்லை என்றதும் எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தேன். ஏஜென்சிக்கு நான் போகாததும் அதனால்தான். போனால் தெரிந்துவிடுமே.

நீங்கள் சொன்ன பொய்யில் மூன்று பேருக்கும் அன்று மானம் தப்பியது. அதற்கு விலையாக ஒருத்தி மட்டும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து மூச்சைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் அங்கே வர மாட்டாள். இதில் கோபம் இல்லை. நான் கிணற்றுப் பக்கம் கீற்று இறக்கி வெளியில் அடுப்புப் போட்டிருக்கிறேன், என் சம்சாரம் சமைக்கிறாள். பூங்குழலி காற்று வருகிற பக்கமாகக் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். முப்பது வயது ஆகவில்லை, என் அம்மா கடைசிக் காலத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

காளியப்பன்


மைசூர்
14.3.1997

சம்பந்தி அவர்களுக்கு.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் எழுத ஒன்றும் இல்லை என்று இருந்தேன். இருக்கிறது.

சேகரனிடம் நானே சொன்னேன். சோற்றில் கை வைத்திருந்தான். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். நாலு நாள் கழித்து, கம்பெனிக் கணக்கை முடித்துக்கொண்டு ஹனூருக்கே போகிறேன் என்றான். போ என்றேன். வருகிற வெள்ளிக்கிழமை வருவான். அவனைத் தோட்ட வேலையில் வையுங்கள், வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரார் சிரித்தால் என்னிடம் எழுதுங்கள், நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

ஜன்னல் தகரத்தைப் பிடுங்கிவிட்டேன். எட்டு ஆணியில் ஆறு வந்தது, இரண்டு துருப்பிடித்து உள்ளேயே ஒடிந்துவிட்டது. உள் பக்கம் கரி விரல் கனத்துக்கு இருந்தது. சுரண்டிப் பார்த்தேன், தார் மாதிரி வந்தது. மறுநாளே கௌரம்மா முற்றத்தில் நின்று ஆரம்பித்தாள். "சட்டையை வெளுத்துக்கலாம், கௌரம்மா. உள்ளே போன கரியை எந்தச் சோப்புல வெளுக்கறது?" என்று கேட்டேன். கன்னடத்திலேயே கேட்டேன், நன்றாகப் புரியட்டும் என்று. கொடியை மாற்றிக் கட்டிக்கொண்டாள். இவ்வளவுதான் சங்கதி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அன்றைக்கே மாற்றிக் கட்டியிருப்பாளோ என்னவோ. வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை. வரட்டும்.

முப்பத்தைந்து வருஷம் ஊதினேன் என்று எழுதினேனே, அதில் ஒரு திருத்தம். நான் ஊதியது விறகு. ஓலை வீட்டில், பிறகு ஓட்டுச் சாய்ப்பில். புகை மேலே போய்விடும். தகரத்துக்குள் பசைத் தூளை நான் ஊதியது இந்த நாலு மாதம்தான். நேற்றுப் புட்டியை உருவும்போது துளை சரிந்தது. மறுபடி இடிக்கக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. தரையிலேயே உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் சுவரைப் பிடித்து நின்ற இடத்தில் ஐந்து விரல் வழவழப்பாகப் பதிந்திருக்கிறது. தினமும் பிடித்திருக்கிறாள். அதே சுவரைத்தான் நானும் பிடித்து எழுந்தேன். பக்கத்து அறையில் எட்டு வருஷம் இருந்திருக்கிறேன், அந்தச் சுவரை நான் பார்த்ததில்லை.

ஒட்டியாணத்தை விற்றுவிட்டேன். காசு சேகரனிடம் வருகிறது. மருந்துக்கு. வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் அதையும் ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது. மலையில் சொன்ன வாக்கு, குழாயடிச் சிரிப்பு, தெரு முனையிலிருந்து திரும்பியது, எதையும் விடவில்லை. என் மேல் உங்களுக்கு இருப்பதையும் விட வேண்டாம். பூங்குழலி மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. தெரிந்து வைத்துக்கொண்டு இரண்டரை வருஷம் தினமும் எனக்குப் புளி கரைத்துச் சோறு போட்டிருக்கிறாள். ஒரு நாள் உப்பைக் கூட்டிப் போட்டிருக்கக் கூடாதா? இவ்வளவு பெரிய வஞ்சம் நான் கூட யார் மேலும் வைத்ததில்லை.

அவளை வரச் சொல்லி இந்தக் கடிதம் எழுதவில்லை.

கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். புளிக்கறை பட்டு ஓரம் பொடிந்திருக்கிறது. எத்தனையோ நாள் காலையில் அடுப்புப் பற்றாமல் காகிதத்துக்கு வீடெல்லாம் தேடியிருக்கிறேன். இதை மட்டும் எடுக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. அவள் பேரில் வந்த கார்டு. அவள் கையில் கொடுங்கள். கிழிப்பதோ வைத்துக்கொள்வதோ அவள் பாடு.

இந்தக் கடிதத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். மூச்சு வாங்காத நேரமாகப் பார்த்துப் படியுங்கள். அப்படி ஒரு நேரம் இருந்தால்.

மல்லம்மா